கதவுள்ள வண்டி, ஆளுள்ள ஏரிக்கரை

காய்கறிக் கடையின் கார் நிறுத்தத்தில்தான் அந்த யோசனை என்னைப் பிடித்தது. பையோடு வெளியே வருகிறேன், மூன்று கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு பஸ் மாதிரி ஒரு வண்டி நிற்கிறது. பக்கத்துக் கதவு திறந்து, வீட்டுச் செருப்போடு ஒரு கிழவர் காப்பிக் குவளையுடன் இறங்கினார். மடக்கு நாற்காலியை விரித்து, அந்தத் தார்த்தரையில் தன் வீட்டு வாசல்போல உட்கார்ந்துகொண்டார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவுவது ஜன்னலில் தெரிந்தது. கனடாவில், ஒண்டாரியோவின் இந்த ஏரிப்பகுதிக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குப் பழகாத விஷயம் இது: கோடை வந்தால் இங்கே மக்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆர்.வி. என்கிறார்கள். அன்று நான் பார்த்தது அந்தக் கதவைத்தான். சாத்தினால் உள்ளே ஒரு முழு அறை. குழாய், மின்சாரம், துடைத்த மேசை. "அம்மா வரலாம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கிழவர் குவளையை உயர்த்தி எனக்குக் காலை வணக்கம் சொன்னார்.

அம்மா மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் இருக்கிறார். சிறுநீரகம் கைவிட்ட பிறகு வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை பழைய நீரை வடியவிட்டுப் பையிலிருந்து புது நீரை ஏற்ற வேண்டும். ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, கையைத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகுதான் குழாயைத் தொடலாம். மருத்துவமனைக்கு அலையாமல் வீட்டிலேயே செய்துகொள்ளும் வசதி என்றுதான் நாங்கள் மகிழ்ந்தோம். அந்த வசதியே அவரை வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது. கடைசியாக அவர் வெளியே போனது சாஆ என்கிற ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு. அம்மாவுக்காக மணப்பெண்ணின் அறையைக் காலிசெய்து கொடுத்தார்கள். உள்ளே காற்றாடி இல்லாமல் வேர்த்து ஊற்ற, பையைத் திரைச்சீலைக் கம்பியில் மாட்டிவிட்டு அம்மா உட்கார்ந்திருக்கிறார். வெளியே பூ வைக்கக் காத்திருக்கும் பெண்கள், "இன்னும் முடியலயா?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள். யாரும் மனம் நோகப் பேசவில்லை. ஆனாலும் அன்றோடு சரி. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கும் அம்மா போகவில்லை. விமானத்தில் வாருங்கள், நீர்ப்பைகளை முன்கூட்டியே இங்கே வரவழைக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான்: "அடுத்தவங்க எடத்துல என்னால முடியாது பாப்பா."

அதனால்தான் இந்தக் கோடை முழுக்க, இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாம் ஒன்றைத் தேடி அலைந்தேன். அழகான இடங்களில் மின்சாரம் இல்லை. நீர்ப்பையை உடல் சூட்டுக்குக் கொண்டுவர மின்சாரம் வேண்டும். மின்சாரம் இருந்த இடத்தில் புழுதி. இன்னொன்றிலிருந்து மருத்துவமனைக்குப் போவதற்குள் பாதி நாள் முடிந்துவிடும். கடைசியில் ஒரு முகாம் அமைந்தது. ஏரியின் விளிம்பில், மூன்று பக்கமும் மரம் மறைக்க, வண்டிக்கு நேராகத் தண்ணீர்க் குழாயும் மின்கம்பமும். பக்கத்து வண்டி கண்ணுக்கே தெரியாது. இங்குள்ளவர்கள் இதற்குத்தான் போட்டிபோடுகிறார்கள்.

ஒத்திகை பார்க்க ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். புதிய வண்டியை ஓட்டும்முன் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்வார். வாடகை வண்டியானாலும் எனக்கும் மனம் கேட்கவில்லை. அந்த இடத்துக்குள் திருப்பும்முன் குனிந்து பழங்களை வைத்துக்கொண்டிருந்தேன். முகாம் நடத்தும் லிண்டா என்கிற அம்மாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் தடித்த மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளோடு ஓடி வந்தார். தரை சாய்வாக இருந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை மட்டமாக்குவது இங்கே வழக்கம். "பழம் தாங்காது கண்ணே. இதை வைத்துக்கொள், சும்மாவே தருகிறேன்" என்றார் மிகுந்த இரக்கத்தோடு. இது வண்டிக்கு நல்லது நடக்க, என்றேன். "நல்லதுக்குத்தான் நானும் சொல்கிறேன்" என்று பழங்களைப் பொறுக்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டைகளைச் செருகினார். விளக்க நினைத்தேன். நன்றி என்று மட்டும் சொன்னேன்.

கைப்பேசியைத் திருப்பித் திருப்பி அம்மாவுக்கு எல்லாவற்றையும் காட்டினேன். அலமாரியில் பை மாட்டும் கொக்கி, கை கழுவும் தொட்டி, ஜன்னலுக்கு வெளியே அசையாத ஏரி. அப்பாதான் முதலில் திரைக்குள் தலையை நீட்டினார். "அலமாக்! நம்ம பேக்டரி பஸ்ஸுக்குப் பாத்ரூம் வெச்ச மாதிரி இருக்கு லா. கியர் எங்க?"

"நீங்க ஒன்னும் ஓட்ட வேணாம், தள்ளுங்க" என்று அம்மா கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். "அறை நல்லாருக்கு. ஆமா, வெளிய ஏன் ஒருத்தரையும் காணோம்?"

"அதாம்மா இங்க விசேஷமே. யாரும் பாக்க மாட்டாங்க. உங்களுக்குத் தொந்தரவே இல்ல."

"ஏன்டி, ஆசுபத்திரில தனி வார்டு போட்ட மாதிரி ஒத்தையா கொண்டுபோய் நிறுத்தி வெச்சிருக்க? இங்கயும்தான் நாலு சுவரப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "நீங்கதானே அடுத்தவங்க இருந்தா முடியாதுன்னீங்க?"

"கதவு வேணும்னேன். ஆளு வேணாம்னா சொன்னேன்? தண்ணி மாத்தையில கதவு இருக்கணும் பாப்பா. மாத்தி முடிச்சு கதவத் தொறந்தா ஆளு இருக்கணும்."

என் சின்ன வயதில், பள்ளி விடுமுறையில் அப்பா முதலாளியிடம் கேட்டு அந்தத் தொழிற்சாலை பஸ்ஸையே வாங்கிவருவார். மாமா, அத்தை, பக்கத்து வீடு என்று ஏறிக்கொண்டு மெர்சிங் கடற்கரைக்குப் போவோம். தண்ணீர், கக்கூஸ், நிழல் மூன்றும் இருக்கிறதா என்று பார்ப்போம். அத்தோடு இடத்தேர்வு முடிந்தது. பாய்களை ஒட்டி ஒட்டி விரிப்போம். அம்மா ஆட்டுக்கறிச் சட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, தெரியாத குடும்பத்துப் பிள்ளைகளையும் கூப்பிட்டுத் தட்டு நீட்டுவார். மின்கம்பம், மருத்துவமனை எல்லாம் தேடிய நான் இதை மறந்துவிட்டேன். இந்த ஊர் ஆட்கள் விரும்பும் தனிமையை அம்மாவுக்கு வாங்கிவைத்திருந்தேன்.

மறுநாள் லிண்டாவிடம் இடத்தை மாற்றித் தரக் கேட்டேன். துணி துவைக்கும் அறைக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. மின்சாரம், குழாய் எல்லாம் உண்டு. ஏரி ஓர் ஓரத்தில் கொஞ்சம் தெரியும். "அங்கே ஒரே இரைச்சல்" என்று எச்சரித்தார். அம்மாவுக்கு இரைச்சல்தான் வேண்டும் என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அம்மா இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை. முதலில் வீட்டுப் பக்கத்திலேயே ஓர் இரவு வண்டியில் தங்கிப் பாருங்கள் என்று குளுவாங் மருத்துவமனைத் தாதி சொல்லியிருக்கிறார். அப்பா கூட்டாளி ஒருவரின் கேம்பர்வேனைக் கேட்டு வைத்துவிட்டார். வரும் சனிக்கிழமை, ஊருக்கு வெளியே எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவில் இருக்கும் ஏரிக்கரையில் நிறுத்தப்போகிறார்கள். கல்யாணத்தில் கதவுக்கு வெளியே காத்திருந்த சாஆ சொந்தங்களையும் அம்மாவே அழைத்திருக்கிறார். இந்த மாதங்களில் அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒரே எண்ணைக் காட்டும். அங்கே மாலை ஆறு என்றால் இங்கே காலை ஆறு. அந்த ஆறு மணிக்கு அம்மா வேனின் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் முதல் பையை மாட்டுவார். நான் இங்கே, அவருக்காக மாற்றி எடுத்த அந்த இரைச்சலான இடத்தில், வாடகை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவேன். முதலில் எலுமிச்சம்பழங்களின்மேல் ஏற்றி இறக்கிவிட்டு, பிறகு லிண்டாவின் மஞ்சள் கட்டைகள்மேல் நிறுத்த வேண்டும். அப்புறம் வெளியே இரண்டு நாற்காலிகளைப் போட்டு ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, குளுவாங்கில் அந்தக் கதவு திறக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பேன்.