ஜீப் டயரும் சுண்ணாம்பு மாத்திரையும்

எண்பதுகளின் தொடக்கத்தில், குரங்கணிக்குப் போகிற எந்த ஜீப்பும் எங்கள் நாயின் அனுமதி இல்லாமல் மலையேறியதில்லை. போடியில் எங்கள் வீட்டுக்கு எதிரேதான் ஜீப்புகள் நிற்கும். நான்கு டயரையும் நனைத்துவிட்டுத்தான் அவன் நகர்வான். அப்பாவை ஏலத் தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் டிரைவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கழுவிய டயர் காய்வதற்குள் நாசமாக்கிவிடுகிறான் என்று தினமும் புலம்புவார்.

ஒருநாள் அவன் வழக்கம்போல் காலைத் தூக்கினான். ஒரு சொட்டு வரவில்லை. ஜீப் கிளம்பிப் போன பிறகும், இல்லாத டயருக்கு முன்னால் தூக்கிய காலோடு நின்று முனகினான்.

அம்மா வாழைத்தண்டை இடித்துச் சாறு பிழிந்தாள். மனிதருக்குக் கல்லடைப்பு என்றால் எங்கள் ஊரில் முதல் மருந்து அதுதான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வயிறு உப்பி இறுகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓட, நாங்களும் பின்னால் ஓடினோம்.

டாக்டர் மெல்லிய குழாய் விட்டு அடைப்பை நீக்கினார். ரவை மாதிரி கற்கள் விழுந்தன. மறுபடி அடைத்தால் உயிருக்கே ஆபத்து, என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சோறும் குழம்பும்தான் என்றாள் அம்மா. சத்து மாத்திரை, டானிக் ஏதாவது? அதெல்லாம் நாய்க்கு எதற்கு என்றாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த பசுமாட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையில் கிடந்தவன் தலையைத் திருப்பி அவர் கையை நக்கினான். அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"என் மாத்திரைய இவனுக்குத்தான் போட்டுட்டு வர்றேன்" என்றார்.

மூட்டுவலிக்காக அவருக்கு எழுதிக்கொடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை. சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும், தொண்டையில் இறங்காதாம். அம்மா அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பியதும், அது இட்லிக்குள் பொதிந்து நாய்க்குப் போய்விடும். மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. அம்மா பார்த்த பார்வையில் படத்திலிருந்த பசுமாடே மிரண்டிருக்கும்.

அதனால்தான் கல் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் உடனே நிறுத்துங்கள், தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள் என்றார் டாக்டர். சோற்றை நீராகக் கரைத்து ஊற்றினோம். அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மாத்திரையை நீட்டுவாள், அவர் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை எதிரே நிற்பாள். பக்கத்தில் அவனும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பான்.

அடுத்த வாரம் ஜீப் வந்து நின்றது. அவன் தள்ளாடிப் போய் முன்டயரருகே காலைத் தூக்கினான். அப்பாவும் அம்மாவும் வாசலில் மூச்சுவிடாமல் நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டயர் முழுக்க நனைந்தது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேரமாகிவிட்டது என்று அப்பா வண்டியில் ஏறப் போனார். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார்.

"இருங்கண்ணே. இன்னும் மூணு டயரு இருக்குல்ல, முடிச்சிட்டு வரட்டும்."