ஆந்தை மீசைக்கு எந்த முலாம்?

எங்கள் சாரணர் குழுவுக்கு நினைவு நாணயம் அடிக்கிறோம். முகாமில் யாராவது "கொயினை எடு!" என்றால் எல்லோரும் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாதவன் பாத்திரம் கழுவ வேண்டும்.

படம் கீறியது நான். நடுவில் ஓர் ஆந்தை. கை சும்மா இருக்கவில்லை. ஆந்தைக்கு எங்கள் சாரண ஆசிரியரின் மீசையைச் சின்னதாக வைத்துவிட்டேன்.

இன்று முலாம் தெரிவுசெய்ய அந்த ஆசிரியர் சேரும் கூடவே வந்துவிட்டார். அச்சுவேலிப் பட்டறையில் எனக்கு அச்சம் வந்தது இன்றுதான். அடுத்த கிழமை அணித் தலைவரை அறிவிக்கப்போவது அவர்.

பட்டறை அண்ணை இரண்டு மாதிரிகளை வைத்தார். பொன் முலாமின் பளபளப்பில் மீசையே தெரியவில்லை. மற்றது பழைய வெண்கல நிறம்.

"பொன்தான் வடிவு, சேர்," என்றேன்.

"வெண்கலத்திலை பள்ளமெல்லாம் கறுத்து நிக்கும். சின்னக் கோடும் துலக்கமாத் தெரியும்," என்றார் அண்ணை. பாவி மனுசன்!

சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெண்கலத்தை மூக்கருகே பிடித்தார்.

"உந்த ஆந்தைக்குச் சொண்டுக்கு மேலை என்னடா?"

"இறகு, சேர்."

"ஓமோ?" தன் மீசையை ஒருமுறை தடவிவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பினார். "தம்பி, வெண்கலத்திலையே அடியுங்கோ. இறகு வடிவாத் தெரியட்டும்."

திரும்பும்போது சேரின் மோட்டார் சைக்கிளில் வந்தேன். என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"அணித் தலைவர் நீதான். ஆனா உனக்குக் கொயின் தாறது முகாம் முடிஞ்ச பிறகுதான்."

மூன்று நாள் முகாம், முப்பது பேர். சட்டி தேய்க்க எந்தச் சவர்க்காரம் நல்லது? அனுபவசாலிகள் கீழே சொல்லுங்கள்.