துரை வாராருன்னு சுண்ணாம்பு அடிச்ச பிளாட்டு

கட்டடத்துக்கு ஆயுசு கணிக்கிறதுதான் என் தொழில். ஈப்போவுல ஏழைபாழைங்களுக்குக் கட்டின வாடகை பிளாட்டுங்க இருக்கே, அதுல எந்தக் கூரையை எந்த வருஷம் மாத்தணும், எந்தக் குழாய் எப்ப ஓட்டை விழும்னு இருபது வருஷத்துக்கு முன்கூட்டியே திட்டம் எழுதி வைக்கணும். சோசியக்காரன் தப்பாச் சொன்னா பரிகாரம்னு எதையாவது சொல்லித் தப்பிச்சுக்குவான். நம்ம கணிப்பு தப்பினா கூரை அடுத்தவன் தலையில விழும். எழுபதுகளோட கடைசியில நான் பட்ட பாட்டைக் கேளுங்க. பைலோட மாரடிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

கீறலே இல்லாத வீடுங்க

குனோங் ராபாட் பக்கம், மலையடியில நாலு மாடி பிளாட்டு ஒன்னு. பதினாறு வீடு. குடியிருந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் கைமாறினதும் லயத்து வரிசை வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தவங்க. பத்து வருஷக் கட்டடமாச்சே, அங்கங்க பல்லை இளிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டுப் போறேன். ஐயோ சாமி! எந்த வீட்டுலயும் ஒரு கீறல் இல்லை. சுவரும் கூரையும் பளிச்னு வெள்ளை. தூக்கிவாரிப் போட்டுடுச்சு எனக்கு. கூட வந்த எங்க ஆபீஸ் கிராணி, அதாங்க கிளார்க்கு, அப்பாஸ், "நம்ம ஆபீசே இவ்ளோ சுத்தமில்லைய்யா"ன்னு வாயைப் பிளந்தான்.

பதினாறு சோதனைப் பாரத்துலயும் 'நல்ல நிலை'ன்னு எழுதி, பெரிய ரிப்பேரை எட்டு வருஷத்துக்குத் தள்ளிப் போட்டேன். மூனாவது மாடி அஞ்சலையக்கா கோப்பி குடுத்தாங்க. தோட்டத்துல பால்மரம் சீவினவங்க, இப்ப ஒரு தொழிற்சாலையில கூட்டுற வேலை. எல்லாரும் ஒரே நேரத்துல சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்களேன்னு சும்மா கேட்டேன். "நீங்க வாரீங்கன்னு லெட்டர் வந்துச்சே தம்பி, துரை பாக்க வாராருன்னா லயத்தைச் சுத்தமா வச்சிருக்க வேணாமா?"ன்னாங்க.

தோட்டத்து மேனேஜரைத் துரைம்பாங்க, அந்தப் பழக்கத்துல சொல்றாங்கன்னு நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். மடையன்!

குளியலறைக்குள்ள ஆடு

அதே நாள், நாலாவது மாடி. லோரி ஓட்டுற சின்னையா அண்ணன் வீடு. குளியலறைக் கதவு சாத்தியிருக்கு. நான் கைப்பிடியில கை வச்சா அவரு இருமுறாரு. கையை எடுத்தா இருமல் நிக்குது. மறுபடி வச்சேன், உள்ளேருந்து "மே..."ன்னு சத்தம். திறந்து பாத்தா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கடா, தாடியும் கொம்புமா என்னை முறைச்சுப் பாக்குது! தரையெல்லாம் தண்ணி. ரெண்டு மாசமா அங்கேயே வளருதாம், அங்கேயே குளிக்குதாம்.

பாரத்துல கூரைக்குக் கட்டம் இருக்கு, குழாய்க்குக் கட்டம் இருக்கு. ஆட்டுக்கு எங்க எழுத? மாடியில எதுக்கண்ணே ஆடுன்னு கத்தினேன். அவரு கொஞ்சம்கூட அசரலை. "ஏறத் தெரிஞ்ச சனியனுக்கு எறங்கத் தெரியலைலா சார், நான் என்ன பண்ணட்டும்?"

சோத்துப்பானையில விழுந்த கூரை

மூனு மாசம் போயிருக்கும். அஞ்சலையக்கா வீட்டுச் சமையல்கட்டுல கூரை விழுந்துடுச்சுன்னு சேதி. ஓடினேன். தலகாணி அளவு காங்கிரீட் துண்டு அடுப்பு மேல கிடக்குது. சோத்துப்பானை நசுங்கிப் போச்சு. அக்கா உப்பு எடுக்க ரெண்டு எட்டு நகர்ந்தாங்களாம், அதனால பிழைச்சாங்க. அண்ணாந்து பாத்தா கம்பி பூரா துரு. மேல் வீட்டுத் தண்ணி வருஷக்கணக்கா இறங்கியிருக்கு. விரிசலுக்கு மேல பேப்பரைக் கஞ்சி போட்டு ஒட்டி, அதுக்கு மேல சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க. சுவத்துல சாமிப்பட காலண்டரைத் தூக்கினேன், கை நுழையுற அளவு வெடிப்பு. பதினாறு வீட்டுலயும் என்னென்ன காலண்டர் தொங்குதோ!

ஏன்க்கா மறைச்சீங்கன்னு கோவமாத்தான் கேட்டேன். அந்தம்மா துடைப்பத்தை எடுத்து, விழுந்த காரையை ஏதோ தன் தப்பு மாதிரி அவசர அவசரமாக் கூட்டுறாங்க. "லயத்துல சுவர் கெட்டுருந்தா, வீடு வச்சிருக்கத் தெரியாதவன்னு வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு துரை. இதையும் புடுங்கிட்டா நான் எங்க தம்பி போவேன்?"

பெரிய ஆபீசர் வந்தாரு

அக்கா மேல கோவப்பட்ட ஆளு நான் என்ன பண்ணேன் தெரியுமா? கூரை விழுந்த சேதி மேல போறதுக்குள்ள, பெரிய ஆபீசர் வழக்கமான சோதனைக்கு நேர்ல வாராருன்னதும், அப்பாஸ் வெள்ளை மை பாட்டிலை நீட்டினான். "அந்த 'நல்ல நிலை'யை அழிச்சிடு மச்சான், வேலையாவது தங்கும்." அழிச்சேன். பதினாறு பாரத்துலயும் வெள்ளையா பூசி, மேல 'கவனிக்கவும்'னு எழுதினேன். கை கூசத்தான் செஞ்சுச்சு, ஆனா எழுதினேன்.

ஆபீசரைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குள்ள நுழையுறேன், கூரையில ஓட்டையைக் காணோம்! அந்த இடத்துல வெள்ளை வேட்டியை விதானம் மாதிரி இழுத்துக் கட்டி, நாலு மூலையிலயும் மாவிலை. பூசை வச்சிருக்கோம் துரைன்னு அக்கா கும்புடுறாங்க. ஆபீசர் சந்தோஷமா "பாகுஸ், பாகுஸ்"னு மலாய்ல பாராட்டித் தலையாட்டிட்டுத் திரும்புறாரு. அவரு அப்படியே படியிறங்கிட்டா இன்னும் எட்டு வருஷத்துக்கு ஒருத்தரும் ஏறி வரமாட்டாங்க. அடுத்த துண்டு விழும்போது அக்கா உப்பெடுக்க நகரணும்னு என்ன கட்டாயம்?

வேட்டியைப் பிடிச்சு ஒரே இழுப்பு. மாவிலையும் காரையும் ஆபீசர் கால் சப்பாத்து மேலயே விழுந்துச்சு. "நான்தான் சார் தப்பா எழுதினேன். அதையும் வெள்ளை மை போட்டு மறைச்சேன்"னு பைலை அவரு கையிலயே குடுத்துட்டேன். அவரு ஓட்டையைப் பாக்குறாரு, பைலைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. அதுக்குள்ள அஞ்சலையக்கா சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, வீட்டுச் சாவியை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு அவரு முன்னால வந்து நின்னுட்டாங்க. "சாமான் எடுக்க மட்டும் நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க துரை."

சாவி அக்கா முந்தானைக்கே திரும்பிப் போச்சு, எட்டு வருஷத்துக்குத் தள்ளிப் போட்ட ரிப்பேர் அந்த மாசமே நடந்துச்சு, எனக்குக் கிடைச்ச எச்சரிக்கைக் கடிதத்தை மட்டும் எங்க வீட்டுக் காலண்டருக்குப் பின்னால செருகி வச்சிருக்கேன்.