பக்கத்துக் காம்பராவுக்கு வந்த கடுதாசி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். மகள் ஒருத்தி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன இரண்டு பேத்திகளையும் சேர்த்தால் எட்டு. தேயிலைக் கொழுந்து பறித்துத்தான் வளர்த்தேன், யார் வாசலிலும் போய் நின்றதில்லை. தமிழை விரல் வைத்து வாசிப்பேன். சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஆனால் ஞாயிறுதோறும் வேதப்புத்தகத்தோடு போகிறவள் என்பதால் குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் என்னைப் படித்தவள் என்றே நினைத்திருந்தார்கள். நானும் இல்லை என்று சொன்னதில்லை.

பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஒபரேஷனுக்குத் தேதி போட்டுக் கடிதம் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாதக்கணக்காக வரவில்லை. எங்கள் கடிதங்கள் வீட்டுக்கு வருவதில்லை. தோட்டத்து ஆபீசுக்கு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தால்தான் உண்டு.

ஒருநாள் தன் மருமகள் பெரட்டிலிருந்து கொண்டுவந்த கடிதத்தை அவள் என்னிடம் நீட்டினாள். முழுவதும் சிங்களம், மேலே முத்திரை. வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தரப்போகிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சாக இருந்த நேரம் அது.

"என்னக்கா போட்டிருக்கு?"

"காணிக் கடுதாசிதான். பத்திரமா வை" என்றேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் அதைத் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

அந்த மாதம் எங்கள் சபையில் போதகர் ஒரு கேள்வி வைத்திருந்தார். "ஆண்டவர் நம்ம சபைய இந்த மலையில எதுக்கு வச்சிருக்காரு? சுத்தி இருக்கிறவங்களுக்கு நாம என்ன செய்யணும்?" மூன்று ஞாயிறு உபவாசம் இருந்து ஜெபித்தோம். வேலையிலிருந்து ஓய்ந்த வாத்தியார் ஒருவர் இங்கிலீஷ் வகுப்பு என்றார். வாலிபர்கள் புது ஒலிபெருக்கி என்றார்கள். "இப்பவே ஒங்க சத்தம் லிந்துலை டவுன் வரைக்கும் கேக்குது" என்று வாத்தியார் சொல்ல, சபையே சிரித்தது. கடைசியில், லயம் லயமாகப் போய் ஆட்களிடமே கேட்போம் என்று முடிவானது.

கொப்பியும் பேனையுமாகப் போனோம். அதுதான் பிழை. கொப்பியோடு வருகிறவர்கள் நிவாரணத்துக்குப் பெயர் எழுதத்தான் வருவார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போனது. எல்லாரும் கூரைத் தகரம் என்றார்கள். ஊரில் இல்லாத மகனுக்கும் பெயர் கொடுத்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரியும் விடவில்லை.

"வேதக்கார சாமி தகரம் குடுத்தா நானும் ஒரு நாளு வந்து பாட்டுப் படிக்கிறேன்" என்று கிண்டல் செய்துவிட்டு, "எனக்கு எதுக்குங்க தகரம்? காணியே வந்திருச்சு. அக்காதான் வாசிச்சுச் சொன்னாங்க" என்று பெட்டியைத் திறந்தாள்.

போதகருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். இரண்டு தரம் பார்த்தார். "காணி இல்லம்மா. கண் ஆஸ்பத்திரி. போன செவ்வாக்கெழம வரச் சொல்லியிருக்காங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது, உருவம்தான் தெரிந்திருக்கும். "ஏன்க்கா, தெரியாதுன்னு சொல்லியிருந்தா நா ஒங்க தலையையா வாங்கியிருப்பேன்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு வாத்தியார் மறுபடி இங்கிலீஷ் வகுப்பை எடுத்தார். நான் எழுந்தேன். சபைக் கூட்டத்தில் நான் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சொல்லி ஒருத்தியோட தேதியத் தவற வச்சுட்டேன். இங்க கடுதாசி வாசிச்சுச் சொல்ல ஆளு இல்ல. நம்ம சபை அதச் செய்யட்டும்."

வாத்தியார் கேட்டார்: "வாசிக்கிறதுக்கு முன்னுக்கு ஒரு வசனம் சொல்லலாமா?"

"கடுதாசிய மட்டும் வாசிங்க வாத்தியாரே" என்றேன்.

இப்போது ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் ஒரு வாங்கு போடுகிறோம். போதகரும் வாத்தியாரும் உட்கார்ந்து, யார் வந்தாலும் வாசித்துச் சொல்கிறார்கள். பக்கத்துக் காம்பராக்காரிக்குப் போதகர் ஆஸ்பத்திரிக்குப் பேசி வேறு தேதி வாங்கினார். ஒரு கண்ணுக்கு ஆகிவிட்டது. கட்டுப் பிரித்து வந்த அன்று என்னைப் பார்த்து, "அய்யய்யோ அக்கா, இவ்வளவு கெழவியாயிட்டீங்களா!" என்றாள். மற்றக் கண்ணுக்கு இன்னும் தேதி வரவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் இளைய பேத்தி. போதும்டி, பேனைய வையி. பாட்டி பாவம்னு நா செஞ்சதக் கொறச்சு எழுதியிருந்தா திருத்திட்டு, மொதல்லருந்து வாசி.