வால் மூடிய ஹெலிகாப்டர்

திண்டிவனம் பக்கத்து மைதானத்தில் அன்று எங்கள் ஆம்புலன்ஸ் கம்பெனி முதலாளியும் விமானியும் நானும் இருந்தோம். அம்மா அங்கே இருந்திருக்கவே கூடாது.

ஏர் ஆம்புலன்ஸுக்கு ஹெலிகாப்டர் தேர்ந்தெடுக்கும் சோதனை அது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அறிக்கை எழுதியவனும் நானே. விலை குறைவு என்று, வாலில் சுழலும் விசிறிக்கு மூடி இல்லாத மாடலைச் சிபாரிசு செய்திருந்தேன்.

அந்த ஹெலிகாப்டர் இறங்கியதும், விசிறி நிற்கும் முன்பே, பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர் ஜனங்கள் ஓடி வந்தார்கள். முன்னால் அம்மா, நேராக வாலை நோக்கி. பாய்ந்து இழுத்தேன்; இருவரும் புழுதியில் விழுந்தோம்.

“உன்னப் பாக்கத்தான்டா ஓடியாந்தேன். அங்க ஒண்ணு சுத்திக்கினு இருக்கிறதே கண்ணுக்குத் தெரியலியே!”

“படிக்காத ஜனங்க. கயிறு கட்டித் தடுத்துக்கலாம், இதே மாடல் இருக்கட்டும்” என்றார் முதலாளி.

“ஆக்சிடென்ட் ஆன எடத்துல கயிறு யாரு சார் கட்டுவாங்க? எங்க ஜனங்க ஓடித்தான் வருவாங்க. வால் மூடின மாடலை வாங்குங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

“வேலை போயிடும்பா.”

“போவட்டும் சார்.”

என் அறிக்கையை அவர் எதிரிலேயே கிழித்தேன். எடை, எரிபொருள், விலை எல்லாம் அதில் இருந்தன. ஓடிவரும் அம்மா இல்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

ஒரு வாரம் முறைத்துவிட்டு, முதலாளி வால் மூடிய மாடலையே வாங்கினார். கூடுதலாக ஆன செலவு மூன்று கோடி ரூபாய்.