பயிர் இல்லாத மாசத்தில் பத்துத் தோட்டா

நீங்கள்தான் கொடுத்தீர்கள், முதலாளி. நான் கொடுக்கவில்லை. என்னோடு கடையில் வேலை பார்த்த பாயும் கொடுக்கவில்லை. கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை அன்று, உங்கள் கையால் ஷட்டரைத் தூக்கி, உங்கள் கையால் அலமாரியைத் திறந்து, பத்துத் தோட்டாக்களை அந்த ஆளிடம் கொடுத்தவர் நீங்கள். கொடுக்கக் கூடாது என்று தெரிந்தே கொடுத்தீர்கள். பிறகு கோர்ட்டில் ஏறி, "கடை ஆட்கள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்றீர்கள். அது பொய்.

செத்துப்போன பெண்ணின் அக்கா கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். நான் இப்போது வேலை பார்க்கும் சைக்கிள் கடைக்கு நாலு வீடு தள்ளி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் துப்புகிறாள். தோட்டா கொடுத்தது நான் என்று நினைக்கிறாள். அவள் வளர்க்கிற தங்கை மகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இதைப் பேசித் தீர்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை ஊரார் கேட்கும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

செங்கல்பட்டில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருந்தது அந்தத் துப்பாக்கிக் கடை. ஆறு வருஷம் அங்கே வேலை செய்தேன். கடையில் ஆட்கள் இரண்டே பேர், நானும் பாயும். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. கடையை நாங்கள்தான் பார்த்துக்கொள்வோம். முதலாளி மாமல்லபுரத்தில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் கார் போட்டு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். கடலைக் கொல்லையில் பன்றி விழுகிறது, நரி விழுகிறது என்று சர்க்காரில் எழுதிப்போட்டு லைசென்ஸ் வாங்கினவர்கள். வீட்டில் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கும். வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று லைசென்சிலேயே போட்டிருக்கும். வாங்க வாங்க அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவோம். சட்டம் அவ்வளவுதான் கேட்டது. லைசென்ஸ் புத்தகம் சரியாக இருந்தால் கொடுக்கலாம். கேட்கிறவன் கண் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லிச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

அதை நாங்கள் பார்த்தோம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். லைசென்சைக் கையில் வாங்கியதும் பாய் கேட்பார், "கொல்லைல இன்னா போட்டுகீறே?" சும்மா ஊர் நியாயம் பேசுகிற மாதிரிதான் இருக்கும். கடலை என்றால் எத்தனை நாள் பயிர், காவலுக்கு யார் படுக்கிறார்கள், பன்றி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பேச்சு போகும். நிஜமாகப் பயிர் வைத்தவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பன்றியை அவ்வளவு திட்டுவான். மனசில் வேறு எதையோ வைத்துக்கொண்டு வந்தவன் இரண்டாவது கேள்விக்கே எரிந்து விழுவான்.

ஒருத்தன் வந்து, ஆட்டைச் சுட இன்னா சைஸ் ஈய ரவை போடணும் என்று கேட்டான்.

"ஆடு யாருதுபா?" என்றார் பாய்.

"பக்கத்து வூட்டுக்காரன்துதான். தெனமும் வேலிய தாண்டி வந்து மேஞ்சிட்டுப் போவுது."

"அப்போ பிரியாணிக்கு மட்டும் சொல்லியனுப்பு. தோட்டா கேக்காத."

அவனே சிரித்துவிட்டான். டீ குடித்துவிட்டுப் போனான். எல்லாம் இப்படிச் சிரிப்பில் முடியாது. பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆன ஒருத்தர் சலவைச் சட்டையில் வந்து, "ஒரே ஒரு தோட்டா போதும்" என்றார். ஒற்றைத் தோட்டா யாரும் வாங்க மாட்டார்கள். பாய் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் பட்டாளத்துக் கதை கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பின்பக்கமாக ஓடிப்போய், பக்கத்துத் தெருவில் இருந்த அவர் மருமகனைக் கூட்டிவந்தேன். மருமகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் முறைத்துவிட்டுப் போனார்.

இல்லை என்று சொல்ல ஒரு முறை வைத்திருந்தோம். "உனக்குத் தரமாட்டோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டோம். "சரக்கு வரல, மெட்ராஸ்லேந்து வரணும்" என்போம். அவன் போனதும் லைசென்ஸ் நம்பரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி, மேஜை மேல் நிற்கும் கம்பியில் குத்திவைப்போம். நான் இல்லாத நேரத்தில் அவன் திரும்பி வந்தால் பாய்க்குத் தெரிய வேண்டும், பாய் இல்லாதபோது எனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கம்பி எதற்கு என்று முதலாளிக்கும் தெரியும். சனிக்கிழமை வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். "இந்த வாரம் எத்தினி பைத்தியம்?" என்று கேட்டுச் சிரிப்பார்.

எமர்ஜென்சி முடிந்து தேர்தலும் முடிந்த வருஷம். வைகாசி வெயில். ஒரு வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தான். முட்டுக்காட்டுக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு வைத்திருந்தவன். இந்தப் பக்கம் கொஞ்சம் கடலைக் கொல்லையும் உண்டு. பழைய கஸ்டமர். எப்போதும் சின்ன ரவைத் தோட்டாதான் வாங்குவான். அன்று பன்றியைச் சாய்க்கிற பெரிய குண்டு கேட்டான்.

"கொல்லைல இன்னா போட்டுகீறே?" என்றார் பாய்.

"கடலை."

"இந்த வெயில்லயா? கடலை புடுங்கி ரெண்டு மாசம் ஆச்சேபா."

"பன்னி வருதுன்னு சொல்றேன்ல? லைசென்ஸ் என்துதானே? எடுத்துக் குடு."

காய்ந்த கொல்லையில் பன்றிக்கு என்ன வேலை? பாய் என்னைப் பார்த்தார். நான் அலமாரிப் பக்கமே திரும்பாமல், "பெரிய குண்டு சரக்கு வரல அண்ணாத்த" என்றேன். "சின்னதாவது குடு" என்றான். "அதுவும் காலி." அவன் கோபப்படவில்லை. புத்தகத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனான். நான் சீட்டு எழுதிக் குத்தினேன்.

மறுநாள் காலையில் அவன் மனைவி வந்தாள். முப்பது வயசு இருக்கும். காது ஓரத்தில் வீக்கம். முந்தானையால் மூடியிருந்தாள். கடைக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள்.

"அண்ணா, அவுரு நேத்து இங்க வந்தாரா?"

"வந்தாரு."

"குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பாய் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னாள். புருஷனுக்கு அவள் மேல் சந்தேகம். தோப்பில் மரம் வெட்ட வந்த ஆளோடு பேசினாள் என்று ஆரம்பித்ததாம். ஒரு மாசமாக அடி. இப்போது தினமும் துப்பாக்கியை எடுத்துத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். வீட்டில் தோட்டா இல்லை. இருந்த இரண்டையும் இவள்தான் கிணற்றில் போட்டிருக்கிறாள்.

"ஸ்டேசன்ல சொன்னியா?" என்றேன்.

"சொன்னேனே. புருசன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் இங்க வராதேன்னு தொரத்திட்டாங்க. கொழந்தைய கேளம்பாக்கத்துல எங்க அக்கா வூட்ல வுட்டுட்டு வந்துகீறேன். நானும் அங்கியே இருந்துடட்டுமா அண்ணா? இருந்தா, எவனோடயோ ஓடிட்டான்னு சொல்லுவாரு. போனா இன்னா பண்ணுவாரோன்னு பயமா கீது. நீங்க குடுக்க மாட்டீங்கன்னா நான் வூட்டுக்குப் போயிடுவேன்."

நான் சொன்னேன். வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "நாங்க தரமாட்டோம். இந்தக் கடைய வுட்டா மெட்ராஸ்தான் போவணும். தைரியமாப் போம்மா."

அவள் போனாள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். கம்பியிலிருந்து சீட்டை உருவிப் படித்தார். "யாரு, தோப்புக்காரரா? நம்ம ஆளாச்சே அவரு" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ந்த கொல்லை, காதோர வீக்கம், கிணற்றில் போட்ட தோட்டா, ஒன்று விடாமல். பாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதலாளி சீட்டைத் திரும்பக் குத்தினார். "சரி சரி, பாத்துக்கலாம்" என்றார்.

அந்தத் தோப்பு மேல் அவருக்குக் கண் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. வெள்ளைக்காரர்கள் மாமல்லபுரத்துக்கு வந்து கடலோரத்தில் தங்க இடம் தேட ஆரம்பித்திருந்த காலம். கொட்டகை மாதிரி ஓலைக் கூரை போட்டு அறை கட்டினால் போதும். தோப்பை விலைக்குக் கேட்டு இரண்டு தடவை அந்த ஆள் வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார். அந்தத் தோப்புக்காரனே திங்கட்கிழமை இவர் வீட்டு வாசலில் வந்து நின்று, உங்கள் கடையில் ஒரு தோட்டாகூட இல்லையாமே என்றால் என்ன செய்வார்? சரக்கு இல்லை என்று நாங்கள் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று செங்கல்பட்டில் தெரிந்த மூன்றாவது ஆள் அவர்தான். தெரிந்தும், மறுநாள் தன் காரிலேயே அவனைக் கூட்டிவந்து கடையைத் திறந்தார்.

நாங்கள் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றியும் நான் நிறைய யோசித்திருக்கிறேன். உனக்குத் தரமாட்டோம் என்று அவனிடமே சொல்லியிருந்தால் அவன் முதலாளியிடம் போய்ச் சரக்கு கேட்டிருக்க மாட்டான். மெட்ராசுக்குப் போயிருப்பான். இல்லை, யார் சொன்னது என்று கேட்டு வீட்டுக்குப் போய் அவளை அடித்தே கொன்றிருப்பான். எனக்குத் தெரியவில்லை. இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லப் பழகியிருந்தோம். மரியாதையாகச் சொன்னதால் அவன் நம்பிவிட்டான்.

புதன்கிழமை காலை கடையைத் திறந்ததும் பாய் என்னைக் கூப்பிட்டார். சரக்குப் புத்தகத்தில் முதல் நாள் தேதி போட்டு, பெரிய குண்டு பத்து என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அந்த லைசென்ஸ் நம்பர்.

"மொதலாளி கையெழுத்து மச்சான்" என்றார் பாய்.

கம்பியைப் பார்த்தேன். சீட்டு இல்லை.

போட்டது போட்டபடி ஓடினேன். திருப்போரூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. அந்த இரண்டாவது பஸ் வரவே இல்லை. ஒரு மணல் லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறிப் போனேன். கால்வாயைப் படகில் தாண்ட வேண்டும். படகுக்காரர் கழியை ஊன்றிக்கொண்டே, "தோப்புக்காரரு வூட்டுக்கா? ஊரே அங்கதான் கீது" என்றார்.

"இன்னாச்சு?"

"காலைல ரெண்டு சத்தம் கேட்டுச்சு. எவனோ வெடி வைக்கிறான்னு நெனச்சோம்."

வாசல் பந்தலில் அவள் கிடந்தாள். புளி கொட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எடுத்த புளி ஒரு பக்கம், எடுக்காதது ஒரு பக்கம். நடுவில் அவள். யாரோ கோரைப்பாயைப் போட்டு மூடியிருந்தார்கள். கால் மட்டும் தெரிந்தது. ஈ மொய்த்தது. அவனைத் தென்னை மரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான்.

"இன்னாபா, சரக்கு இல்லன்னியே? உங்க மொதலாளி நல்ல மனுசன். லீவு நாள்ல தொறந்து குடுத்தாரு."

அதற்குமேல் அவனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவனுக்கு ஆயுள் தண்டனை. அவன் செய்ததற்கு அவன் உள்ளே இருக்கிறான்.

கோர்ட்டில் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் வந்து, லைசென்ஸ் சரியாக இருந்தது, விற்றேன், யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்றார். நான் சீட்டைப் பற்றிச் சொன்னேன். வக்கீல், "எங்கே அந்தச் சீட்டு? காட்டுங்கள்" என்றார். சிலர் சிரித்தார்கள். பாயைக் கேட்டார்கள். அவருக்கு நாலு பெண்கள். "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று என் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சுடு மச்சான்" என்றார். நான் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். இன்றுவரை அவருக்குப் பதில் சொல்லவில்லை. அன்றோடு எனக்கு வேலையும் போயிற்று. கடையில் தோட்டா கொடுத்தது ஒரு வேலைக்காரன், அவனை விரட்டிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு பரவியது. யார் பரப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுத்துப் பேசாதவர் யார் என்று தெரியும்.

சட்டப்படி உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, முதலாளி. நான் சட்டம் பேசவில்லை. வீட்டுக்குப் போ என்று அவளிடம் சொன்னவன் நான். அக்கா வீட்டிலேயே இரு என்று சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருப்பாள். அது என் தலையில். அவள் அக்கா அதற்காக என் மேல் துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன். நீங்கள் செய்ததையும் சேர்த்து நான் சுமக்க முடியாது.

இப்போது அந்தத் தோப்பு உங்களுடையது. அதில் ஓலைக் கூரை போட்ட அறைகள். ஊரில் எந்த விழா என்றாலும் நீங்கள்தான் தலைவர். போன மாசம் கேளம்பாக்கத்தில் பள்ளிக்கூட விழாவில் ஒழுக்கத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினீர்கள். செத்துப்போனவளின் குழந்தை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து உங்களுக்குக் கை தட்டியது. நான் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

உங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தேன். மூன்று தடவையும் வாட்ச்மேனைவிட்டு விரட்டினீர்கள். இனி வரமாட்டேன். தனியாக நீங்கள் சொல்லும் பதில் எனக்கு வேண்டாம். அதே கேளம்பாக்கத்துக்கு வாருங்கள். அதே மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, அந்த அக்காவும் அந்தக் குழந்தையும் கேட்கும்படி சொல்லுங்கள்: சனிக்கிழமை சாயங்காலம் நான் உங்களிடம் சொன்னேனா இல்லையா? சொன்ன பிறகும் செவ்வாய்க்கிழமை ஏன் கடையைத் திறந்தீர்கள்?