ஒரு டோக்கன் சூசை

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் சூசைதாசனுக்கு ஒரு காலத்தில் ‘ஒரு டோக்கன்’ என்று பட்டப்பெயர். ஜம்பட்டா வீதியில் ஹெக்டர் என்பவர் வீடியோ கேம் மெசின்கள் வைத்திருந்த நாட்கள் அவை. மற்றப் பையன்கள் டோக்கன் டோக்கனாகப் போட்டுத் தோற்பார்கள். சூசை ஒன்றைப் போட்டால் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கோயில் மணி அடிக்கும்வரை நின்று விளையாடுவான். கெட்டிக்காரனைக் கண்டால் முதலாளிக்கு வயிறு எரிகிற தொழில் அது.

“டேய், இந்த மெசின் என்ன உன்ட மாமனார் சீதனமா தந்ததா?” என்பார் ஹெக்டர்.

அதற்கும் அசையாவிட்டால் சுவரோரம் போய் வயரைப் பிடுங்கிவிடுவார். “கரண்ட் போச்சு. வீட்டுக்குப் போ.” தலைக்கு மேலே மின்விசிறி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சூசைக்குக் கோபம் வந்ததில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்கு எங்கும் கிடைத்ததுமில்லை.

மெசின்கள் போயின. ஹெக்டர் களவாகப் பதிந்த கேம் சீடி விற்றார். ஒருமுறை வாங்கினால் கீறல் விழும்வரை விளையாடலாம். பிறகு கம்பியூட்டர்களை வரிசையாக வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டார். இப்போது கடை ஒரு மேசைக்குள் அடங்கிவிட்டது: போனுக்குக் காசேற்றும் ரீலோட், போன் கவர், கேமுக்குள் ஆயுதம் வாங்க உதவும் ‘வைரம்’. கேம் இலவசம். அதனால்தான் இவ்வளவு காசு புரள்கிறது.

சூசை இப்போது துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில் கிளார்க், தலை பாதி நரைத்தவர். சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஹெக்டரின் கடைவாசலில் போனும் கையுமாக வாள்சண்டை விளையாடும் கூட்டத்தில் அவர்தான் முதல் ஆள். சதமும் போடாத முதல் ஆள். அந்தப் பெருமை ஒன்றைத்தான் அவர் சேர்த்து வைத்திருந்தார்.

அதற்கும் ஆபத்தாகச் சஜீத் வந்து சேர்ந்தான். நகைக்கடையில் வேலை, விளையாடப் பழகியது போன மாதம். சூசை அடித்த அடியெல்லாம் அவன் வைரம் போட்டு வாங்கிய கவசத்தில் வழுக்கிப் போயின. அவன் கொட்டாவி விட்டபடி வீசிய ஒரு வீச்சில் சூசை விழுந்தார்.

“அண்ணன், ஒங்கட கை சோக்கான கை. வாள்தான் பழசு.”

“நான் காசு குடுத்து வெல்ல மாட்டன்.”

“அல்லாவே, குடுக்காதீங்க! நீங்களும் குடுத்தா நான் ஆருக்கு அடிக்கிற?”

வாசலே சிரித்தது. சூசை ஹெக்டரைப் பார்த்தார். கிழவர் சிரிக்கவில்லை.

“அவன் சொல்றது சரிதானே. ஓசியில ஆடுற உன்ன மாதிரி ஆக்கள் இல்லாட்டி, காசு போட்டவனுக்கு அடிவாங்க ஆள் ஏது? கேம் கம்பனிக்காரன் உன்னில இரக்கப்பட்டா சும்மா விட்டிருக்கான்?”

கேம் கம்பனியை ஏய்ப்பதாக நினைத்திருந்தவர், தான் அதற்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருப்பதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, மனைவி ஐறீன் கரண்ட் பில்லுக்கு எடுத்து வைத்திருந்த காசு ஹெக்டரின் மேசைக்கு வந்தது. புது வாள் நீலமாக மினுங்கியது. சூசை குறிகூடப் பார்க்கவில்லை, சஜீத் விழுந்தான். திரும்ப ஆடினார்கள். திரும்ப விழுந்தான். தோற்றவன் முகத்தில் வருத்தமே இல்லை. பர்ஸைத் திறந்தான்.

“அங்கிள், அதவிடப் பெரிசு ஒண்டு போடுங்க எனக்கு.”

ஹெக்டர் உள்ளே போய் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். அவர் கடையில் சூசை உட்கார்ந்ததே கிடையாது.

“இரு மகன். பிளேன்டீ சொல்லட்டா? இப்பதான்டா நீ நல்ல பிளேயர்.”

சூசை உட்கார்ந்தார். போனில் சிவப்பு விளக்கு மினுங்கியது, பேட்டரி முடியப்போகிறது. எழும்பிப் போக அது ஒரு சாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஹெக்டர் கையை நீட்டிப் போனை வாங்கினார். சுவரோரம் போய், குனிய முடியாமல் குனிந்து, சார்ஜரின் நீள வயரைக் குத்திவிட்டு வந்து போனைச் சூசையின் கையில் கொடுத்தார்.

“நீ ஆடு. எவ்வளவு நேரமெண்டாலும் ஆடு.”